நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தால்: ரிப்போர்ட்டில் வரும் அழற்சி அளவுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெஞ்சில் ஊசி போட்டு நீர் எடுத்தாயிற்று. ஏடிஏ, எல்டிஎச், சிஆர்பி என்று பல எண்களோடு ரிப்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. அதன்பின் நோயாளியும் வீட்டாரும் கேட்கிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் செவிலியருக்கும் இளம் மருத்துவருக்கும் பயன்படும் விவரங்களும் ஆங்காங்கே உண்டு.

நீர் நுரையீரலுக்கு உள்ளேயா கோக்கிறது?

இல்லை. நுரையீரலைப் போர்த்தியபடி ஒரு மெல்லிய உறையும், விலாச் சுவரின் உட்பக்கத்தில் இன்னொரு உறையும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று உரசாமல் நழுவ, இடையில் எப்போதும் கொஞ்சம் திரவம் இருக்கும். ஆரோக்கியமானவருக்கு இரு பக்கமும் சேர்த்து 10 முதல் 20 மில்லிதான். அது ஊறிக்கொண்டே இருக்கும், நிணநீர் நாளங்கள் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஊறுவது கூடினாலோ உறிஞ்சுவது குறைந்தாலோ நீர் தேங்குகிறது. நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரிய ஏறத்தாழ 200 மில்லி சேர்ந்திருக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அதைவிட மிகக் குறைந்த அளவையும் காட்டிவிடும்.

எக்ஸ்ரேயிலேயே தெரிகிறதே, ஏன் ஊசி போட்டு எடுக்க வேண்டும்?

நீர் இருப்பதைப் படம் காட்டும். ஏன் வந்தது என்பதை நீர்தான் சொல்லும். இதயம் பலவீனமானாலும், ஈரல் சுருங்கினாலும், நிமோனியா வந்தாலும், காசநோய், புற்றுநோய், முடக்குவாதம் வந்தாலும் எக்ஸ்ரேயில் ஒரே வெள்ளை நிழல்தான். இதயச் செயலிழப்பு தெளிவாகத் தெரிந்து, இரு பக்கமும் சமமாக நீர் கோத்து, காய்ச்சலும் நெஞ்சுவலியும் இல்லாதவருக்கு முதலில் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் கோத்திருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ நீரை எடுத்துப் பார்க்காமல் மருந்து தொடங்குவது சரியல்ல.

புரதம், எல்டிஎச் என்று முதலில் இரண்டு எண்கள் இருக்கின்றன. அவை எதற்கு?

தேங்கிய நீரானது அழுத்தத்தால் கசிந்ததா, அழற்சியால் ஊறியதா என்று பிரிப்பதற்கு. எல்டிஎச் என்பது செல்கள் சிதையும்போது வெளிவரும் ஒரு நொதி. முதல் வகையில் உறைக்கு ஒரு கேடும் இல்லை. மண்பானையில் நீர் கசிவதைப் போல, பானை நன்றாகவே இருக்கும். இரண்டாம் வகையில் உறையே புண்பட்டு, அதன் நுண்குழாய்கள் வழியாகப் புரதமும் செல்களும் வெளியே வருகின்றன.

1972இல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். நீரின் புரதத்தை ரத்தப் புரதத்தால் வகுத்தால் 0.5க்கு மேல், நீரின் எல்டிஎச்சை ரத்த எல்டிஎச்சால் வகுத்தால் 0.6க்கு மேல், நீரின் எல்டிஎச் மட்டும் ரத்தத்தின் இயல்பான உச்ச வரம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இந்த மூன்றில் ஒன்று பொருந்தினாலும் அது அழற்சி நீர்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, நீரை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு ரத்தம் எடுக்காமல் விடுவது. வகுக்க இரண்டு எண்கள் வேண்டும். அதே நாளில், முடிந்தால் அதே வேளையில், ரத்தத்திலும் மொத்தப் புரதம், அல்புமின் (ரத்தத்தின் முக்கியப் புரதம்), எல்டிஎச், சர்க்கரை பார்த்திருக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் ரத்த அளவு இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அப்பாவுக்கு இதயக் கோளாறு. ஆனால் அழற்சி நீர் என்று ரிப்போர்ட் சொல்கிறதே?

சிறுநீர் பிரிக்கும் மருந்தைச் சில நாள் சாப்பிட்டவருக்கு இப்படி வரலாம். மருந்து நீரை இழுக்கிறது, புரதமும் எல்டிஎச்சும் பின்தங்கி அடர்த்தியாகின்றன. லைட் அளவுகோல் அழற்சி நீரைத் தவறவிடுவது அரிது. அதற்கு ஈடாக வெறும் கசிவில் ஏறக்குறைய நான்கில் ஒன்றை அழற்சி என்று காட்டிவிடும். சந்தேகம் வந்தால் ரத்த அல்புமினிலிருந்து நீரின் அல்புமினைக் கழியுங்கள். வித்தியாசம் டெசிலிட்டருக்கு 1.2 கிராமுக்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் இதயத்தால் வந்த கசிவுதான். இதயம் திணறும்போது ஏறும் என்டி-புரோபிஎன்பியை ரத்தத்தில் பார்ப்பதும் உதவும்.

ரத்தத்தில் சிஆர்பி 140 என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

முதலில் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும் சில டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் அச்சிடுகின்றன. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். முதல் அலகில் 140 என்பது இரண்டாம் அலகில் 14. ஆய்வகம் மாற்றிப் பார்த்துவிட்டு "பத்து மடங்கு குறைந்துவிட்டது" என்று நிம்மதி அடைபவர்களும் உண்டு, "பத்து மடங்கு ஏறிவிட்டது" என்று கலங்குபவர்களும் உண்டு.

சிஆர்பி என்ற புரதத்தை ஈரல் சுரக்கிறது. உடலில் எங்கே அழற்சி மூண்டாலும் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். காரணம் நீங்கினால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். அதனால் ஒரு நாளின் எண்ணைவிட அது போகும் திசையே முக்கியம். நிமோனியாவுடன் நீர் கோத்து ஆன்டிபயாடிக் தொடங்கியவருக்கு மூன்று, நான்கு நாளில் சிஆர்பி பாதிக்குக் கீழ் வந்திருக்க வேண்டும். வராமல் காய்ச்சலும் தொடர்ந்தால் நீர் சீழாகிறதா, தடுப்புகள் விழுந்து தனித்தனி அறைகளாகிவிட்டதா என்று மறுபடி ஸ்கேன் பார்க்க வேண்டும். மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டு காத்திருப்பதுதான் இந்த இடத்தில் பெரிய இழப்பைத் தருகிறது. சீழ் வெறும் மருந்தால் வற்றாது.

ஒரு எச்சரிக்கை: முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போட்டுக்கொள்பவருக்குக் கடும் தொற்று இருந்தாலும் சிஆர்பி ஏறாது. முற்றிய ஈரல் நோய் உள்ளவருக்கும் எதிர்பார்த்த அளவுக்கு ஏறாமல் போகலாம்.

இஎஸ்ஆர்?

ரத்தச் சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகம் இது. அழற்சியில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ரத்தசோகை, வயது, கர்ப்பம் எல்லாமே அதை உயர்த்தும். இஎஸ்ஆர் 90 என்பதை வைத்து காசநோய் என்று சொல்ல முடியாது.

நீரிலேயே சிஆர்பி பார்க்கச் சொன்னார்கள். தேவையா?

நிமோனியாவை ஒட்டி வரும் நீரில் சிஆர்பி அதிகமாகவும், புற்றுநோய் நீரிலும் இதயக் கசிவிலும் குறைவாகவும், காசநோயில் பெரும்பாலும் இடைப்பட்டும் இருக்கும். நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருந்து நியூட்ரோபில் (பாக்டீரியாவை எதிர்க்கும் வெள்ளையணு) செல்களும் மிகுந்திருந்தால், நெஞ்சில் வடிகுழாய் போட வேண்டிய கட்டத்துக்குப் போகிறதோ என்று யோசிக்க வேண்டும். ஆனால் இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வரம்பு இல்லை. பணம் குறைவென்றால் இதை விட்டுவிட்டு பி.எச். (அமிலத்தன்மை), சர்க்கரை, செல் எண்ணிக்கை, ஏடிஏ ஆகியவற்றை ஒழுங்காகப் பாருங்கள்.

ஏடிஏ 40க்கு மேல். அப்படியென்றால் டிபிதானா?

இந்தப் பக்கத்தில் மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டிய பதில் இது.

ஏடிஏ என்பது அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி. தற்காப்புச் செல்கள் கிளர்ந்தெழும்போது அது கூடுகிறது. காசநோயில் ஏறுவது பெரும்பாலும் ஏடிஏ-2 என்ற வகை. மோனோசைட், மேக்ரோபேஜ் செல்களிலிருந்து வருவது. சாதாரண ஆய்வகம் இரு வகைகளையும் சேர்த்து மொத்தமாகத்தான் அளக்கிறது. எனவே லிட்டருக்கு 40 யூனிட் என்ற வரம்பைக் கிருமியின் அடையாளமாகக் கொள்ளக்கூடாது. அது உடலின் எதிர்வினையின் அளவு மட்டுமே. சீழ் கோத்தாலும், நிமோனியா நீரிலும், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும், முடக்குவாதத்திலும் 40ஐத் தாண்டும். 250க்கும் மேலே போனால் டிபியைவிட சீழையோ லிம்போமாவையோதான் முதலில் நினைக்க வேண்டும்.

ஆகவே ஏடிஏவுக்குப் பக்கத்தில் இருக்கும் செல் வரியைப் பாருங்கள். லிம்போசைட் (இன்னொரு வகை வெள்ளையணு) மிகுந்த அழற்சி நீர், ஏடிஏ 40க்கு மேல், சில வாரமாகக் காய்ச்சல், எடை குறைவு, இளம் வயது: இவை சேர்ந்து வந்தால், காசநோய் பரவலாக உள்ள இந்தியா போன்ற நாட்டில் டிபிக்கான சான்று வலுவானது. லிம்போசைட் எண்ணிக்கையை நியூட்ரோபில் எண்ணிக்கையால் வகுத்து 0.75க்கு மேல் வந்தால் நம்பகம் இன்னும் கூடும். அதே ஏடிஏ 55, நான்கு நாள் கடுங்காய்ச்சல், நியூட்ரோபில் 90 சதவீதம் என்றால் அது பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்று. அங்கே டிபி மாத்திரையைத் தொடங்கிக் காத்திருந்தால் சீழ் கட்டி நுரையீரல் சிறைப்படும்.

எழுபது வயதுப் புகைபிடிப்பவர், ரத்தம் கலந்த நீர், எடுத்த வாரத்திலேயே மறுபடி கோக்கிறது, ஏடிஏ 44. இந்த இடத்திலும் ஏடிஏவை நம்பி ஆறு மாத மருந்து கொடுப்பது ஆபத்து. செல் ஆய்வும் உறைத் திசு ஆய்வும் செய்தே தீர வேண்டும். மருந்து கேட்கவில்லை என்று தெரியவரும் மாதங்களில் புற்றுநோய் முற்றிவிடும்.

ஏடிஏ 25தான். டிபி இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

பெரும்பாலும். லிம்போசைட் நீரில் ஏடிஏ 40க்குக் கீழே இருந்தால் டிபி வாய்ப்பு நன்றாகவே குறைகிறது. நோயின் ஆரம்ப நாட்களிலும், முதியவர்களிடமும், புகைபிடிப்பவர்களிடமும் குறைவாக வரலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் ஓரிரு வாரம் கழித்து மறுபடி நீர் எடுத்துப் பார்ப்பது நியாயம். முதல் இரண்டு வாரத்தில் டிபி நீரிலும் நியூட்ரோபில் மேலோங்கி இருந்து, பிறகு லிம்போசைட்டுக்கு மாறும்.

சிபிநாட் நெகட்டிவ். பிறகும் டிபி மருந்து எழுதுகிறார்களே?

உறையில் வரும் டிபியில் கிருமிகள் மிகக் குறைவு. நீர் கோப்பது பெரும்பாலும் கிருமியின் புரதங்களுக்கு உடல் காட்டும் கடும் எதிர்வினையால். அதனால் நீரில் சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனையில் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாது; கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் சோதனைகளும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் பலரைத் தவறவிடும். பாசிட்டிவ் என்றால் உறுதி. நெகட்டிவ் என்றால் கேள்வி அப்படியே நிற்கிறது. நீரில் வராவிட்டாலும் சளியை அனுப்புங்கள், எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாகத் தெரிந்தாலும் கூட. மிக உறுதியான வழி உறையிலிருந்து திசு எடுத்து கிரானுலோமா (காசநோயில் உண்டாகும் செல் திரள்) இருக்கிறதா என்று பார்ப்பதும், அதே திசுவைக் கல்ச்சருக்கு அனுப்புவதும். சிபிநாட் நெகட்டிவ் ஆனவருக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்று தெரிய கல்ச்சர்தான் முக்கிய வழி. ஏடிஏ அதைச் சொல்லாது.

புரோகால்சிடோனின் பார்க்கலாமா?

பாக்டீரியாத் தொற்று ரத்தம்வரை பாதிக்கும்போது ரத்தத்தில் இந்தப் புரதம் ஏறும். மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்கு மேல் இருந்தால் பாக்டீரியா வாய்ப்பு கூடுகிறது. டிபியிலும் வைரஸ் தொற்றிலும் அவ்வளவாக ஏறாது. சிறுநீரகம் செயலிழந்தவருக்குத் தொற்று இல்லாமலும் சற்று உயர்ந்திருக்கும். ரத்தத்தில் பார்த்தால் போதும். நீரில் பார்ப்பதால் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை.

எந்த எண்ணைப் பார்த்துக் குழாய் போட முடிவெடுக்கிறார்கள்?

வெளியே வந்தது கண்ணுக்கே சீழாகத் தெரிந்தால் எந்த எண்ணும் வேண்டாம், குழாய்தான். தெளிவாகவோ கலங்கலாகவோ இருந்தால் பி.எச். பார்க்க வேண்டும். தொற்று உள்ளவருக்கு 7.2 அல்லது அதற்குக் கீழே என்றால் குழாய் தேவை. பாக்டீரியாவும் நியூட்ரோபிலும் சர்க்கரையை எரித்து அமிலமாக்குவதால்தான் பி.எச். சரிகிறது, சர்க்கரையும் கூடவே இறங்குகிறது, செல்கள் சிதைவதால் எல்டிஎச் ஏறுகிறது. 7.2க்கும் 7.4க்கும் இடையில் இருந்தால் எல்டிஎச் லிட்டருக்கு 900 யூனிட்டைத் தாண்டியதா, ஸ்கேனில் தடுப்புகள் உண்டா என்று பார்த்து முடிவெடுப்பார்கள். பி.எச். பார்க்கும் வசதி இல்லாத ஊரில் நீரின் சர்க்கரை டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழ் என்பதை அதற்கு ஈடாகக் கொள்ளலாம். முடக்குவாத நீரில் தொற்று இல்லாமலே சர்க்கரை 30க்கும் கீழே போகும் என்பதை மறக்க வேண்டாம்.

மாதிரியை எடுப்பதிலும் அனுப்புவதிலும் என்ன தவறுகள் நடக்கின்றன?

நிறைய. எண் தவறாக வந்தால் அதை வைத்து எடுக்கும் முடிவும் தவறும், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

பி.எச்.: உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் தடவிய சிரிஞ்சில், காற்றுக் குமிழி இல்லாமல் 2 மில்லி எடுத்து, மூடி, ஒரு மணி நேரத்துக்குள் ரத்த வாயு இயந்திரத்தில் பார்க்க வேண்டும். காற்று புகுந்தால் பி.எச். பொய்யாக ஏறும், போட வேண்டிய குழாய் தவறிப்போகும். மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் அதே சிரிஞ்சில் மிஞ்சியிருந்தாலோ ஹெப்பாரின் அதிகமாக இருந்தாலோ பொய்யாக இறங்கும். லிட்மஸ் தாளில் பார்த்து எழுதிய பி.எச். எதற்கும் உதவாது. சீழை இந்த இயந்திரத்தில் செலுத்தவும் கூடாது.

சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு குழாய். சாதாரணக் குழாயில் மணிக்கணக்கில் நின்றால் செல்கள் சர்க்கரையைத் தின்றுவிடும், அளவு பொய்யாகக் குறையும். செல் எண்ணிக்கைக்கு ஊதா மூடி இடிடிஏ குழாய். இல்லாவிட்டால் நீர் உறைந்து செல்கள் கட்டியில் சிக்கும். புரதம், எல்டிஎச், ஏடிஏ மூன்றுக்கும் சாதாரணக் குழாய் போதும். ஊசி பட்டு ரத்தம் கலந்து சிவப்பணுக்கள் உடைந்தால் எல்டிஎச்சும் ஏடிஏவும் உயரும். ரத்தம் கலந்திருந்தால் அதைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். பரவலாகப் பயன்படும் ஏடிஏ முறை, வெளிவரும் அம்மோனியாவை அளப்பது. ஆகையால் மாதிரி வெளியில் கெட்டுப்போனால் அளவும் கெடும்; உடனே அனுப்ப முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள்.

கல்ச்சருக்குச் சுத்தமான புட்டியோடு, ரத்தக் கல்ச்சர் புட்டிகளிலும் படுக்கையருகிலேயே 5 முதல் 10 மில்லி செலுத்தினால் கிருமி வளரும் வாய்ப்பு கூடும். புற்றுநோய் செல் ஆய்வுக்கு 5 மில்லி அனுப்புவது வீண். 50 மில்லியாவது வேண்டும்.

எல்லா அளவும் குறைவு. அழற்சியே இல்லை என்கிறார்கள். புற்றுநோய் இருக்காதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. புற்றுநோய் நீரில் சிஆர்பியும் ஏடிஏவும் குறைவாகவே இருப்பது வழக்கம். செல் ஆய்வு முதல் முறையில் பத்தில் ஆறு பேருக்குத்தான் பிடிபடும். இரண்டாம் முறை அனுப்பினால் இன்னும் சிலருக்கு. அதற்கும் மேல் நீரையே திரும்பத் திரும்ப எடுப்பதில் பயன் குறைவு. சிடி எடுத்து, தோரகோஸ்கோபி (நெஞ்சுக்குள் கேமரா விடுவது) மூலம் உறையைக் கண்ணால் பார்த்துத் திசு எடுப்பதே சரி.

டெங்குவில் நீர் கோத்திருக்கிறது. அதையும் எடுத்துப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். டெங்குவில் காய்ச்சல் விடும் நாட்களில் ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிந்து, பெரும்பாலும் வலப் பக்கத்தில் கோக்கும். தட்டணுக்கள் குறைந்து, ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறியிருக்கும். ஊசி போட்டால் ரத்தக் கசிவு ஆபத்து. ஆபத்தான கட்டம் கடந்தபின் வரும் இரண்டு, மூன்று நாளில் நீர் தானே கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பும். அந்த வேளையில் டிரிப்ஸை நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருந்தால்தான் மூச்சுத் திணறும்.

ஐஎல்-6, டிஎன்எஃப், இன்டர்ஃபெரான் காமா எல்லாம் பார்த்தால் இன்னும் துல்லியமாகத் தெரியாதா?

இவை தற்காப்புச் செல்கள் சுரக்கும் சைகைப் புரதங்கள். நீரில் இன்டர்ஃபெரான் காமா டிபியை நன்றாகவே பிரித்துக் காட்டுகிறது. ஆனால் செலவு அதிகம், ஆய்வகத்துக்கு ஆய்வகம் வரம்பு மாறுகிறது, ஏடிஏ தராத எதையும் பெரிதாகத் தருவதில்லை. மற்றவை ஆராய்ச்சிக்கு உரியவை. ரத்தத்தில் பார்க்கும் இக்ரா சோதனையும் கையில் போடும் மாண்டூவும் கிருமி எப்போதோ உடலில் புகுந்ததைச் சொல்லும். இந்த நீர் அதனால்தான் வந்தது என்று சொல்லாது.

டிபி மருந்து தொடங்கி மூன்று வாரம். நீர் கூடியிருக்கிறதே?

சிலருக்கு அப்படி ஆகும். கிருமிகள் மடியும்போது அவற்றின் புரதங்கள் வெளியேறி எதிர்வினை மூள்கிறது. காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, எடை ஏறினால் மருந்து வேலை செய்கிறது என்று கொள்ளலாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது. காய்ச்சலும் எடைக்குறைவும் தொடர்ந்தால் நோயறிதலையும் கல்ச்சர் முடிவையும் திரும்பப் பார்க்க வேண்டும். அரசுத் திட்டத்தில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள், தினமும். மருந்து இலவசம். நீர் வற்றச் சில வாரம் முதல் சில மாதம் ஆகும். மருந்து எடுக்கும் காலத்தில் கண் மஞ்சளானாலும், வாந்தி நிற்காவிட்டாலும், பார்வை மங்கினாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசினால், கேடில்லை.

குழாய் போட்டும் சீழ் வடியவில்லை. அறுவைதானா?

உடனே அல்ல. குழாய் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, உப்புநீரால் கழுவுவார்கள். தடுப்புகள் இருந்தால் 2011இல் வெளிவந்த மிஸ்ட்-2 ஆய்வின் வழியில், தடுப்புகளைக் கரைக்கும் டிபிஏ 10 மில்லிகிராமும் சீழின் பிசுபிசுப்பைக் குறைக்கும் டிஎன்ஏஸ் 5 மில்லிகிராமும் குழாய் வழியே தினம் இருமுறை, மூன்று நாள் செலுத்துவது உண்டு. அந்த ஆய்வில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் பலன் கிடைத்தது. தனித்தனியாகக் கொடுத்தபோது கிடைக்கவில்லை. அதற்கும் வடியாமல் காய்ச்சல் நீடித்தால் அறுவை மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும்.

நீர் எடுத்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே தடவையில் 1.5 லிட்டருக்கு மேல் எடுப்பதைத் தவிர்ப்பார்கள். சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென விரிந்தால் அதற்குள்ளேயே நீர் ஊறும். எடுக்கும்போது விடாத இருமல், நெஞ்சு இறுக்கம் வந்தால் உடனே சொல்லுங்கள், அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எடுத்தபின் கொஞ்சம் இருமுவதும் ஊசி இடத்தில் வலிப்பதும் இயல்பு. மூச்சுத் திணறல் கூடினாலோ, திடீரென்று ஒரு பக்கம் குத்தினாலோ, தலைசுற்றி வியர்த்தாலோ, ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்காவிட்டாலோ வீட்டில் காத்திருக்காதீர்கள். காற்று புகுந்திருக்கலாம் அல்லது உள்ளே ரத்தம் கசியலாம். அந்த நேரத்துக்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவு, இல்லையென்றால் 108.